பன்னிரண்டு டி

சத்துமாவுப் பையில்தான் படிவங்களையும் வைத்திருந்தேன்.
எடுக்கும்போதெல்லாம் மாவு உதிர்ந்தது.
பள்ளிப்பட்டு தாண்டி, ஆற்றைத் தாண்டி,
நகரி மலையின் மூக்கு
சட்டென்று பக்கவாட்டில் தெரியும் வளைவில்
மொகிலி நாயுடு வீடு.
பாகம் நூற்றுப் பதினெட்டு. வரிசை எண் அறுநூற்றுப் பதினாலு.

"ஏமம்மா, இந்தத் தடவை எப்போ வர்றாங்க?"

போன தடவை வந்தவர்களை அவர் மறக்கவில்லை.
இரண்டு அதிகாரிகள், ஒரு போலீஸ்,
வீடியோ எடுத்த பையன், கட்சிக்கு ஒருவர்.
கல்யாணத்துக்கு அப்புறம்
இத்தனை செருப்பு இந்த வாசலில் கிடந்ததில்லை என்றார் அன்று.
கட்டில்மேல் ஓர் அட்டையை மடித்து நிறுத்தி
மறைப்பு என்றார்கள்.
அதற்குள் தலையை விட்டு நெடுநேரம் எடுத்துக்கொண்டார்.
உறைக்கான பசை காய்ந்திருந்தது.
மருமகள் சோற்றுப் பருக்கை கொண்டுவந்தாள்.
கூடாது என்று விதியில் இருந்ததோ என்னவோ,
யாரும் படித்துப் பார்க்கவில்லை.

அது அந்தத் தேர்தலோடு முடிந்தது, நாயனா.
ஒவ்வொரு தடவையும் புதிதாக எழுதித் தரணும்,
அறிவிப்பு வந்த ஐந்து நாளுக்குள்.
"சரி, எழுது."
எழுத முடியாது.
அப்போது எண்பது. இப்போது எண்பத்தைந்து என்று மாற்றிவிட்டார்கள்.
அட்டைப்படி உங்களுக்கு எண்பத்து மூன்று.

தறிச் சத்தம் பக்கத்து வீட்டில் நின்றது. நூல் அறுந்திருக்கும்.
"மூணு வருஷத்துல நான் மூணு வயசுதான் ஏறினேன்.
அது அஞ்சு ஏறிடுச்சா?"

பதில் வைத்துக்கொண்டு நான் வரவில்லை.
அங்கன்வாடிக்காரி நான்.
குழந்தைக்கு எடை குறைந்தாலும் என்னைத்தான் கேட்பார்கள்,
முட்டை சிறுத்தாலும் என்னைத்தான்.

"அட்டையில இருக்கற ஜனவரி ஒண்ணு
வாத்தியார் போட்டது.
நான் பிறந்தப்போ ஆறு ஊருக்குள்ள வந்துச்சாம்.
ஆத்தைக் கேளு, சரியா சொல்லும்."
ஆற்றில் அன்று மணல்கூட இல்லை.

இடுப்பில் தகடு வைத்தது ஞாபகம் வந்தது எனக்கு.
நாற்பது சதவீதம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்
வயதே வேண்டாம், இதே படிவம் போதும்.
விசாரித்தேன்.
முகாம் புதன்கிழமை.
படிவத்துக்குக் கடைசி நாள் திங்கள்.
இதை அவரிடம் சொல்லாமல் வந்துவிட்டேன்.
மருமகளிடம் சொன்னேன்; அவள்
"சரிங்க டீச்சர்" என்று பாத்திரத்தைக் கழுவினாள்.

ஏப்ரல் பத்தொன்பது.
வாக்குச்சாவடிக்கு வெளியே, வேப்பமரத்து நிழல் நகர நகர
நாற்காலியை நகர்த்திக்கொண்டு
பட்டியலோடு உட்கார்ந்திருக்கிறேன்.
அரசு கொடுத்த சக்கர நாற்காலி ஒன்று.
முன்சக்கரம் இடப்பக்கம் மட்டுமே போகும்.
எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம்
நாயுடுவின் மகள் இருக்கிறாள். அவளுக்கு மே மாதம்தான்.
அப்பாவுக்குக் கூட்டம் குறைந்ததா என்று
காலையிலிருந்து மூன்று முறை என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

நாலே கால் மணிக்கு ஒரு லோடு ஆட்டோ.
நூல் மூட்டைமேல், ஊர்வலச் சாமிபோல
ஆனால் திட்டிக்கொண்டே வந்தார்.
தறிக்காரப் பையன்கள் மூன்று பேர் இறக்கினார்கள்.
வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள், ஒருவரைத் தவிர;
அவரும் பிறகு ஒதுங்கினார்.

திரும்பி வரும்போது
மையிட்ட விரலை வேட்டியில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தார்.
என் மேசைமுன் நாற்காலி தானாக இடப்பக்கம் திரும்பி நின்றது.
"அடுத்த எலக்‌ஷனுக்கு எனக்கு எண்பத்தஞ்சு.
இப்பவே எழுதி வச்சுக்கோ."
முடியாது நாயனா. அப்போது புதிதாகத்தான் எழுதணும்.
"எழுதறப்போ அது எண்பத்தஞ்சுலயே நிக்குமா?"

ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான்.
நான் ஸ்கேலைக் கீழே நகர்த்தினேன்.
அறுநூற்றுப் பதினைந்து, அவர் மருமகள்,
அடுக்களைக் கையை முந்தானையில் துடைத்தபடி
அடையாள அட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள்.